ஜேர்மனிக்குப் படிக்கப் போகிறேன், முதல் சில மாதங்களை எப்படிச் சமாளித்தீர்கள்?

வவுனிக்குளத்தான்:
வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் மல்லாவி. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் முடித்து ஒன்றரை வருடம் வேலை செய்தேன். மாக்டபேர்க்கில் முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்து, போன கிழமை விசாவும் வந்துவிட்டது. செப்ரெம்பர் கடைசியில் பயணம். விசாவுக்காகக் காசைப் போட்டு மாதாமாதம் மட்டும் எடுக்கக்கூடிய கணக்கான புளொக் அக்கவுண்டில் போட்ட 11,904 யூரோவில் பாதி அப்பா வயலை ஈடு வைத்து எடுத்தது, மீதி டோர்ட்முண்டில் இருக்கிற மாமா தந்தது. மாமா சொல்கிறார், முதல் ஆறு மாதம் தன்னோடு நின்று வேலை செய்து கடனைக் குறைத்துவிட்டுப் பிறகு படிப்பைப் பார்க்கலாமாம். வயலை நினைத்தால் எனக்கும் அது சரிபோலத்தான் இருக்கிறது.

கம்பஸ் விடுதியில் இருந்தபோதுகூட வெள்ளிக்கிழமை பஸ் ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்பேன். அதைவிடத் தூரமாக எங்கும் தனியே இருந்ததில்லை. போனவுடன் எதை முதலில் செய்ய வேண்டும்? அம்மா இப்போதே நெய், கருவாடு, மிளகாய்த்தூள் என்று பெட்டியை நிரப்பத் தொடங்கிவிட்டார்.

கனகராயன்:
தம்பி, வாழ்த்துகள். நான் கனகராயன்குளம், 2021 இல் வந்தேன். முதலில் இருப்பிடம். மற்ற எல்லாம் அதில்தான் தொங்குகிறது. மாணவர் நலன்களைப் பார்க்கும் ஸ்ருடென்டன்வேர்க் என்ற அமைப்பு நடத்தும் மாணவர் விடுதிக்கு இன்றைக்கே விண்ணப்பி, காத்திருப்போர் பட்டியல் நீளம். வெளியில் அறை எடுத்தால் மூன்று மாத வாடகை வரை முற்பணம் கேட்கலாம். அறையைக் காட்ட முன் காசு கேட்பவனுக்கு ஒரு சதமும் அனுப்பாதே, நான் அப்படி 400 யூரோவை இழந்தேன், ஆளின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. குடிபுகுந்து இரண்டு கிழமைக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், இதைத்தான் எல்லாரும் அன்மெல்டுங் என்பார்கள். வீட்டுக்காரர் கையெழுத்து வைத்த படிவம் இல்லாமல் பதிய மாட்டார்கள். புளொக் அக்கவுண்டில் இருந்து மாதம் 992 யூரோ விடுபடும், ஆனால் அது வந்து விழ இங்கே ஒரு வங்கிக் கணக்குத் திறந்திருக்க வேண்டும், அதற்கு நாட்கள் எடுக்கும். அதனால் முதல் மாதச் செலவைக் கையில் கொண்டு வா. சனிக்கிழமை இரவு வந்து இறங்காதே, ஞாயிறு கடைகள் பூட்டு.

மருத்துவக் காப்புறுதியில் அவசரப்படாதே. 30 வயதுக்குள் என்றால் மாணவர் கட்டணத்தில் பொதுக் காப்புறுதி கிடைக்கும். மலிவு என்று தனியாரிடம் போய், பொதுக் காப்புறுதி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், படிப்பு முடியும்வரை திரும்பி வர முடியாது.

இனி மாமா சொன்ன விசயம். உன் விசா படிப்புக்கான விசா. வேலைக்கு வருடத்தில் 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்று கணக்கு இருக்கிறது, பிறகு வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போது படிப்பில் என்ன முன்னேற்றம் என்று பார்ப்பார்கள். நான் முதல் செமஸ்டரில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை செய்தேன். எங்கள் கம்பஸைப் போல இங்கே வரவு எடுப்பது குறைவு, வரவில்லையே என்று யாரும் தேடவும் இல்லை. பரீட்சைக்கும் நீயேதான் தனியாகப் பதிய வேண்டும், அந்தத் திகதி எப்போது போனது என்றே எனக்குத் தெரியாது. பெரும்பாலான இடங்களில் ஒரு பாடத்தை மூன்று தடவைதான் எழுதலாம், மூன்றிலும் தவறினால் படிப்பே போய்விடும். எனக்கு இரண்டு பாடத்தில் கடைசித் தடவை வரை போனது. அந்த மாதம் நான் நித்திரை கொண்டது குறைவு தம்பி. முதல் செமஸ்டர் படி, டொச் (ஜேர்மன் மொழி) படி, வேலையை இரண்டாவதில் தேடு, பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஆய்வு உதவியாளர் வேலை கிடைத்தால் இன்னும் நல்லது. மாமாவிடம் மரியாதையாகச் சொல்லு, ஆனால் வர முன்னமே சொல்லு.

பாலைமரம்:
அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. நான் புதுக்குடியிருப்பு. 2009 இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குள் இருந்து படித்தேன், அதனால் சூடான அறையும் கட்டிலும் கிடைத்த இடத்தில் எனக்கு என்ன கஷ்டம் வரப்போகிறது என்று நினைத்தேன். டிசம்பரில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். வகுப்பு முடிந்து வந்து கதவைச் சாத்தினால் அடுத்த நாள் காலைவரை வாய் திறக்க ஆளில்லை. முகாமில் பசி இருந்தது, பயம் இருந்தது, ஆனால் பக்கத்தில் அம்மம்மா படுத்திருந்தார். இதை ஒப்பிட்டு ஒப்பிட்டு, இதற்கெல்லாம் அழலாமா என்று என்னையே ஏசிக்கொண்டு மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சமைக்கவும் விட்டுவிட்டேன், பாணும் தேத்தண்ணியும்தான்.

கடைசியில் கூடப் படிக்கும் வியட்நாம் பிள்ளை ஒருத்திதான் ஸ்ருடென்டன்வேர்க்கின் உளவளத்துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஆங்கிலத்தில் கதைத்தார்கள், காசு வாங்கவில்லை. அங்கே போவது விசாவையோ புள்ளியையோ பாதிக்காது, அந்தப் பயத்தில்தான் நான் பிந்தினேன். தம்பி, நீங்கள் வந்த முதல் கிழமையே பொதுக் குசினி உள்ள விடுதியில் இடம் கிடைக்குமா என்று கேளுங்கள், சோறு வடிக்கும்போது பக்கத்தில் ஒருவர் நின்றால் கதை வரும். மாமா வீட்டுக்கு விடுமுறையில் போங்கள், ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் அங்கிருந்து கிட்டத்தான். தேரைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன்.

முள்ளியவளை அம்மா:
மகன், என்ரை பெடியனும் அங்கேதான் படிக்கிறான், ஒரு தாயாகச் சொல்கிறேன். நெய்யை எடுத்து வெளியில் வைக்கச் சொல்லுங்கள், பால், இறைச்சிப் பொருட்களை விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் விடமாட்டார்கள், நான் நிழலில் காயவைத்து இடித்து அனுப்பினேன். கருவாட்டுக்குத் தடையில்லை, மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். எங்கள் மூன்று முள் பிளக்கும் அங்கே பொருந்தாது, அடப்டர் ஒன்று வாங்குங்கள்.

குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம். அவன் இரவு எட்டுக்கு எடுத்தால் எனக்கு நடுச்சாமம் பன்னிரண்டரை. ஆரம்பத்தில் நித்திரை முழித்துக் காத்திருப்பேன், அவன் "நல்லாய் இருக்கிறன் அம்மா" என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுவான். குரலில் எனக்குத் தெரியாதா? ஒருநாள் கேட்டேன், அப்போதுதான் ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று சொன்னான். சொன்ன அன்றுதான் நான் நித்திரை கொண்டேன். இப்போது ஞாயிறு அவனுக்கு மதியம் இரண்டு மணி, எனக்கு ஆறரை, சமைத்துக்கொண்டே கதைப்பான். கடனைப் பற்றி அப்பாவோடு இருந்து கதையுங்கள் மகன், எந்த மாதத்தில் இருந்து எவ்வளவு என்று. வயலை ஈடு வைத்த மனிசனுக்கு உண்மையைக் கேட்கும் பலமும் இருக்கும்.

வவுனிக்குளத்தான்:
எல்லாருக்கும் நன்றி. விடுதிக்கு விண்ணப்பித்துவிட்டேன், பொதுக் குசினி உள்ளதையே கேட்டிருக்கிறேன். நேற்றிரவு அப்பாவோடு கதைத்தேன். இந்தக் காலபோகத்துக்கு ஈட்டுக்காரரே விதைக்கட்டும், அடுத்த வருடத்துக்குள் மீட்டால் போதும், நீ பரீட்சையைப் பார் என்றார். மாமாவிடம் அப்பாவே சொல்கிறாராம். நெய்ப் போத்தல் திரும்பக் குசினிக்குப் போய்விட்டது. மாக்டபேர்க்கில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இருந்தால் தனிமடலில் எழுதுங்கள், அம்மா இடிக்கும் தூளில் பங்கு கொண்டுவருகிறேன்.