விக்டரி பணியில் இருக்கிறதா, நிற்கிறதா?

கடல்நேசன்: "1765இல் நீரில் இறங்கிய விக்டரி போர்க்கப்பல் அன்றிலிருந்து இடைவிடாமல் பணியில் இருக்கிறது" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1922 முதல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில், நீரை வெளியேற்றிய உலர்துறையில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். நூறு ஆண்டாகத் தண்ணீரைத் தொடாத கப்பலுக்கு என்ன பணி?

நங்கூரன்: அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே எழுதலாம். 2012 முதல் அது பிரிட்டிஷ் கடற்படைத் தலைவரின் கொடிக்கப்பல், அதாவது அவர் கொடி பறக்கும் தலைமைக் கப்பல். வேறென்ன வேண்டும்?

கடல்நேசன்: தண்ணீர் வேண்டும். 1797இல் இறங்கிய அமெரிக்கக் கடற்படையின் கான்ஸ்டிடியூஷன் பாஸ்டனில் இன்றும் மிதக்கிறது. 1997இலும் 2012இலும் பாய் விரித்துத் தானே ஓடியது. நான் அதில் ஏறியிருக்கிறேன். அருகே படகு போனால் காலடியில் பலகை மெல்ல எழுந்து தாழும். விக்டரியிலும் ஏறினேன். வீட்டுத் தரை போல அசைவே இல்லை. கீழே இறங்கிப் பார்த்தால் வரிசையாக எஃகு முட்டுகள். 1922!

நங்கூரன்: உங்கள் கான்ஸ்டிடியூஷனுக்கு ஒரு காலத்தில் மேலே கூரை வேய்ந்து கொட்டகையாக்கி வைத்திருந்தார்களே, அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? 1805 டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் தளபதி நெல்சன் குண்டடிபட்டு விழுந்தது விக்டரியின் தளத்தில்.

தேக்குமரம்: இருவருக்கும் ஓக் மரம்தான் மரம். பம்பாயில் கப்பல் கட்டும் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817இல் இறக்கிய டிரிங்கோமலி, திருகோணமலையின் பெயர் தாங்கிய கப்பல், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. அதன் வரைபடங்களை ஏற்றிவந்த ஜாவா என்ற பிரிட்டிஷ் கப்பலை 1812இல் பிடித்து அழித்ததே இந்தக் கான்ஸ்டிடியூஷன்தான். அதற்குப் பிறகும் பம்பாய்த் தச்சர்கள் கட்டி முடித்தார்கள்.

கடல்நேசன்: டிரிங்கோமலி இன்று அருங்காட்சியகம். கணக்கில் சேராது.

தேக்குமரம்: தண்ணீர் வேண்டும் என்றவர் நீங்கள். மிதப்பதைக் காட்டினால் கணக்கை மாற்றுகிறீர்கள்.

கடல்நேசன்: மாற்றவில்லை ஐயா. மிதக்கவும் வேண்டும், கடற்படையிலும் இருக்க வேண்டும். அந்த 1765 கணக்கே பிழை. இறக்கிய பிறகு 13 ஆண்டுகள் இங்கிலாந்தின் மெட்வே ஆற்றில் கட்டிப்போட்டிருந்தார்கள். 1778இல்தான் பணியில் சேர்த்தார்கள். முன்னால் 13 ஆண்டு, பின்னால் 1922 முதல் இன்றுவரை. இதுவா இடைவிடாத பணி?

நங்கூரன்: சோழர் கப்பல் விவாதத்தில் உங்களைத் திருத்தினேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கடல்நேசன்: அங்கேயும் நான் சொன்னதே சரி. பேச்சை மாற்றாமல் 1922க்குப் பதில் சொல்லுங்கள்.

நங்கூரன்: சொல்லிவிட்டேன். கொடிக்கப்பல்.

தேக்குமரம்: தேக்கைப் பற்றி ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கடல்நேசன்: முட்டுகளை நான் எடுத்த படங்கள் இருக்கின்றன. இன்றிரவே போடுகிறேன்.