லிச்சி ரம் ஊறல் மூன்றாம் வாரம் நுரைக்கிறது: எங்கே தப்பு?

மலையடி_சேன்தெனி

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். ரெயூனியன் தீவில் லிச்சி பழுத்துக் குவிகிற டிசம்பரில் ரம் அராஞ்சே (ரம்மில் பழம் ஊறப்போடுவது) போட்டேன். அளவை அப்படியே தருகிறேன்.

3 லிட்டர் கண்ணாடி ஜாடி, ரப்பர் வளையம் வைத்த மூடி. உரித்துக் கொட்டை எடுத்த லிச்சி 1.5 கிலோ. 49 டிகிரி (நூற்றுக்கு 49 பங்கு ஆல்கஹால்) வெள்ளை ரம் 70 சென்டிலிட்டர் புட்டி ஒன்று. சிவப்புச் சர்க்கரை 250 கிராம். நீளவாக்கில் கீறிய வனிலாக் காய் ஒன்று.

இன்றோடு 22 நாள். மேலே மிதக்கும் பழங்கள் ரம்முக்கு வெளியே தலை நீட்டி, பழுப்பாகிவிட்டன. பழத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழ், மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று. மாவு புளித்த வாசனை. ரம்மில் போட்ட பழம் புளிக்குமா? இதைக் காப்பாற்ற முடியுமா? அடுத்து அன்னாசி போட நினைக்கிறேன், சரியான அளவும் சொல்லுங்கள்.

ஆலைக்காரன்_சேன்ஆந்த்ரே

புளிக்கும் தம்பி, நீங்கள் போட்ட கணக்குக்குப் புளிக்கத்தான் செய்யும். ஜாடிக்குள் நீங்கள் ஊற்றாத ஒன்று இருக்கிறது: பழத்தின் தண்ணீர். லிச்சிச் சதையில் நூற்றுக்கு 82 பங்கு தண்ணீர். 1.5 கிலோவில் அதுவே 1230 மில்லி. 700 மில்லி ரம்மில் சுத்தமான ஆல்கஹால் 343 மில்லிதான். 250 கிராம் சர்க்கரை கரைந்தால் 155 மில்லி இடம் பிடிக்கும். ஆக மொத்தம் 2085 மில்லியில் 343. அதாவது 16 டிகிரி சொச்சம். இது ரம் இல்லை, ஒயின். அந்த வலுவில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும், மேலே சர்க்கரையும் கொடுத்திருக்கிறீர்கள்.

அதோடு, இந்த 16 என்பது எல்லாம் கலந்து சமமான பிறகு வரும் எண். முதல் சில நாள் ரம்மும் பழச்சாறும் சமமாகக் கலந்திருக்காது. மிதந்த பழத்தில் ஆல்கஹால் சரியாக ஏறவே இல்லை. புளிப்பு தொடங்கியது அங்கேதான்.

எந்தப் பழமானாலும் இந்தக் கணக்கை முதலில் தாளில் போட்டுப் பார்த்துவிட்டுக் கத்தியை எடுங்கள். கடைசியில் 30 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது என் வரம்பு. 49 டிகிரி ரம் 1 லிட்டருக்கு லிச்சிச் சதை 500 கிராம், சர்க்கரை 80 கிராம் என்றால் ஏறத்தாழ 34 வரும். 40 டிகிரி ரம் வாங்கினால் பழத்தை 250 கிராமாகக் குறைக்க வேண்டும். ஊறலுக்கு 49 டிகிரியே பொருத்தம் என்று இங்கே எல்லோரும் அதைத் தேடுவதற்குக் காரணம் இதுதான்.

இப்போது இருக்கும் ஜாடிக்கு வருவோம். முதல் வேலை, மூடியின் கொக்கியைக் கழற்றிவிடுங்கள். உள்ளே வாயு சேர்ந்துகொண்டே இருந்தால் கண்ணாடி வெடிக்கும். பிறகு முகர்ந்து பாருங்கள். காடி வாசனை வந்திருந்தாலோ, பழத்தின்மேல் பஞ்சு மாதிரிப் பூசணம் இருந்தாலோ கொட்டிவிடுங்கள். பூசணத்தை மேலாக வழித்து எடுத்துவிட்டுக் குடிப்பது ஆபத்து. வெறும் ஈஸ்ட் வாசனை மட்டும் என்றால் காப்பாற்றலாம், ஆனால் 30 டிகிரிக்கு ஏற்ற இன்னும் ஒன்றரை லிட்டர் 49 டிகிரி ரம் ஊற்ற வேண்டும். ஜாடியும் போதாது. புளித்த ருசியும் முழுதாகப் போகாது. நானாக இருந்தால் அந்த ஒன்றரை லிட்டரைப் புதுப் பழத்துக்கு வைத்துக்கொள்வேன்.

கொம்பவா_அக்கா

அண்ணன் சொன்ன கணக்கோடு பழம் மிதப்பதையும் கவனிக்க வேண்டும். ஜாடியைக் கழுத்துவரை நிரப்பினாலே பாதித் தொல்லை தீரும். 3 லிட்டர் ஜாடியில் 2 லிட்டர் மட்டும் இருந்தால் மேலே காற்றுதான். அளவு குறைவு என்றால் சின்ன ஜாடிக்கு மாறுங்கள். முதல் 10 நாள் தினம் ஒரு தடவை ஜாடியைச் சாய்த்துச் சுழற்றிவிட்டால் மேலே உள்ளதும் நனையும். வெயில் படாத அலமாரியில் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பா வேண்டவே வேண்டாம்.

அன்னாசிக்கு விக்டோரியா ரகமே போதும், சின்னதாக இருந்தாலும் வாசனை தூக்கலாக இருக்கும். காம்புப் பக்கம் முகர்ந்தால் மணக்க வேண்டும், அடிப்பகுதி கொழகொழவென்று இருக்கக் கூடாது. கண்களைச் சாய்வாகக் கீறி முழுக்க எடுத்துவிடுங்கள், அதில் ஒட்டியிருக்கும் மண்ணும் தோலும் கசப்பு. 1 லிட்டர் ரம்முக்கு 400 கிராம் துண்டு, கட்டைவிரல் பருமன். வனிலா ஒன்று. இதற்கு மேல் மசாலா வேண்டாம் என்பது என் கருத்து. 36 டிகிரி அளவில் நிற்கும். ஒரு மாதத்தில் குடிக்கலாம், மூன்று மாதத்தில்தான் ரம்மின் காரம் அடங்கி ருசி மென்மையாகும்.

பலரும் கெடுத்துக்கொள்வது மசாலாவில். கிராம்பு லிட்டருக்கு இரண்டு. ஐந்து போட்டால் நாக்கு மரத்துப்போய்ப் பழமே தெரியாது. பட்டை ஒரு விரல் நீளம், ஐந்தாம் நாள் எடுத்துவிடுங்கள். இஞ்சி 30 கிராம் வில்லையாக, இரண்டு மூன்று வாரம் இருக்கலாம். கொம்பவா (காஃபிர் எலுமிச்சை) தோலைப் பச்சை மட்டும் வருமாறு சீவுங்கள். அடியில் உள்ள வெள்ளையைத் தொட்டால் கசப்பு இறங்கும். ஒரு பழத்துத் தோல் 1 லிட்டருக்கு, இரண்டே நாள். மூன்றாம் நாள் ருசி பார்த்தால் சோப்பு மாதிரி இருக்கும், பிறகு அதை மாற்ற வழியில்லை. பழம் மெதுவாக இறங்கும், மசாலாவும் தோலும் வேகமாக இறங்கும். அதனால் மசாலாவை நூலில் கட்டித் தொங்கவிட்டால் நாள் பார்த்து இழுத்துவிடலாம்.

லிச்சிக் கொட்டையை எடுத்தது நல்லது. சிலர் பிபாஸ் (லொக்காட்) பழத்தின் கொட்டையை உடைத்துப் போடுவார்கள், பாதாம் வாசனைக்காக. அந்த வாசனையோடு சயனைடும் சேர்ந்தே வரும், அதைச் செய்யாதீர்கள். ஃபஹாம் இலை கிடைத்தால் காய்ந்தது மூன்று நான்கு போதும். ஆனால் தேசியப் பூங்காவுக்குள் அந்த ஆர்க்கிடைப் பறிக்கக் கூடாது; வளர்த்து விற்பவர்களிடம் கேளுங்கள்.

போர்லூயி_வடிகட்டி

மொரிசியஸிலிருந்து ஒரு வார்த்தை. சர்க்கரையை முதலிலேயே போடாதீர்கள். பழம் தன் இனிப்பை விட்ட பிறகு ருசி பார்த்து, கரும்புப் பாகாகக் கடைசியில் சேருங்கள். முதலில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. அன்னாசிக்கு லிட்டருக்கு 50 கிராம் போதும், பாஷன் பழத்துக்கு 120கூட ஆகும்.

வடிகட்டும்போது அவசரம் வேண்டாம். முதலில் துணி, சக்கையைப் பிழியாமல் தானாக வடியவிடுங்கள். பிழிந்தால் பெக்டின் எல்லாம் இறங்கிக் கலங்கிவிடும். பிறகு மூன்று நாள் ஃபிரிட்ஜில் அசையாமல் வைத்தால் வண்டல் அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் சின்னக் குழாய் வைத்து உறிஞ்சி இறக்கி, காபி வடிதாளில் விடுங்கள். வாழைப்பழத்தை மசித்துப் போட்டவர்களுக்கு அந்தத் தாள் பத்து நிமிஷத்தில் அடைத்துக்கொள்ளும். வாழையைப் பெரிய துண்டாகவே போட வேண்டும்.

கொம்பவா, ஆரஞ்சுத் தோல் போட்டதில் பாகு ஊற்றியதும் பால் மாதிரி வெளுத்தால் பயப்படாதீர்கள். ஆல்கஹால் குறைந்ததும் அதில் கரைந்திருந்த தோலின் எண்ணெய் பிரிந்து வருகிறது, பஸ்தீஸ் என்ற சோம்பு மதுவில் தண்ணீர் விட்டால் ஆவது போல. அது கெட்டுப்போனதல்ல.

இன்னொன்று: ஆல்கஹால் மானியை ஊறலில் விட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். அது அடர்த்தியைத்தான் அளக்கிறது. சர்க்கரை அடர்த்தியைக் கூட்டுவதால் 34 டிகிரி ஊறலில் பாதிகூடக் காட்டாது. அண்ணன் போட்ட தாள் கணக்கே நம்பகமானது.

ஆலைக்காரன்_சேன்ஆந்த்ரே

சர்க்கரை விஷயத்தில் போர்லூயித் தம்பியோடு பாதி ஒத்துப்போகிறேன். லிச்சி, அன்னாசிக்குக் கடைசியில்தான். கொய்யாவியே (சின்னச் சிவப்புக் கொய்யா), பாஷன் மாதிரிப் புளிப்புப் பழத்துக்குப் பாதிச் சர்க்கரையை முதலிலேயே போட்டால் சாறு சீக்கிரம் வெளியே வரும்.

மலையடி_சேன்தெனி

மிக்க நன்றி. முகர்ந்து பார்த்தேன், காடி வாடை வந்துவிட்டது. கொட்டிவிட்டேன். இரண்டு சந்தேகம். ஜாடியை எப்படிச் சுத்தம் செய்வது? வாங்கி வைத்திருக்கும் வனிலாக் காய்மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, போடலாமா?

கொம்பவா_அக்கா

ரப்பர் வளையத்தைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள் தம்பி, காடி வாடை அதில் ஒட்டிக்கொண்டு போகாது. ஜாடியைச் சோப்பில் கழுவி, வெந்நீரில் அலசி, கவிழ்த்து முழுக்கக் காயவிட்டு, கடைசியாக ஒரு மடக்கு ரம் விட்டுச் சுழற்றிக் கொட்டுங்கள். கொதிநீரைக் குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றினால் விரிசல் விழும், முதலில் வெதுவெதுப்பாக ஒரு தடவை.

வனிலாவை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பாருங்கள். வெள்ளை, மெல்லிய ஊசி ஊசியாக நின்று வெளிச்சத்தில் மின்னினால் அது வனிலின் படிகம், காய் உசத்தி என்று அர்த்தம். மங்கலாக, பொடி போலவோ பஞ்சு போலவோ அப்பியிருந்து, வாசனையில் ஈரச் சாக்கு நெடி வந்தால் பூசணம். சந்தேகமாக இருந்தால் ஒரு கீற்றை ஸ்பூன் ரம்மில் போடுங்கள். படிகம் கரைந்து காணாமல் போகும். பூசணம் அப்படியே மிதக்கும், அந்தக் காயை ஜாடிப் பக்கமே கொண்டுவராதீர்கள்.