மறுமொழி: ‘தோற்ற விகிதம்’ வேண்டாம், ‘படவாகு’ என்போமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஆஸ்பெக்ட் ரேஷியோ’வுக்கு, அதாவது படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்துக்கு, தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாக வாசித்து வருகிறேன். அதற்கு இங்கே அண்ணன் எழுதிய ‘தோற்ற விகிதம்’ என் மனதுக்கு ஒப்பவில்லை. எதற்கும் எதற்கும் உள்ள விகிதம் என்று அந்தச் சொல் காட்டவே இல்லை. ‘அம்ச விகிதம்’ அதைவிட மோசம். ‘அகல உயர விகிதம்’ பிழையில்லாத சொல்தான், ஆனால் புரொஜெக்டர் மெனுவில் அடங்காது, வாயிலும் நிற்காது.

எனக்கு ஒரு சொல் கிடைத்தது, கல்லடியில் எங்கள் வீட்டு ஹோலில். அம்மாவின் கல்யாண வீடியோவைத் திரையில் போட்டேன். பழைய கசெட்டில் இருந்து மாற்றியது, 4:3. புரொஜெக்டரோ 16:9 திரை முழுக்க நிரப்பும்படி வைத்துக் கிடந்தது. மணவறையில் நிறைகுடம் பூசணிக்காய் மாதிரிப் பரந்து நின்றது. அம்மாவின் வட்டப் பொட்டு முட்டையாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அம்மா சொன்னார்: “அப்பாட உடல்வாகு இப்பிடியில்ல மனே.”

கணக்கும் அதையேதான் சொல்கிறது. மூலைக்கு மூலை 100 அங்குலம் உள்ள 16:9 திரைக்கு அகலம் 87, உயரம் 49. 4:3 படம் அதில் 65 அங்குல அகலத்தில் நிற்க வேண்டும். 87க்கு இழுத்தால் ஆள் மூன்றில் ஒரு பங்கு பருத்துப்போவார். அப்பா மெலிந்த மனுசன்.

உயரத்துக்கு உடம்பு எப்படி அமைந்திருக்கிறது என்பதைத்தானே உடல்வாகு என்கிறோம்? படத்துக்கும் அதே கேள்விதான். ஆகவே ‘படவாகு’. ‘இதன் படவாகு 4:3’ என்று சொன்னால் எண்ணிலேயே விகிதம் வந்துவிடுகிறது.

இந்தச் சொல்லை நான் விடாமல் பிடிப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. வீட்டில் படம் பார்க்கிறவர் குழம்புவது மூன்று பொருளுக்கும் ஒரே பேர் இருப்பதால். படத்துக்கு ஒரு வாகு, புரொஜெக்டர் கருவிக்கு ஒன்று, திரைக்கு ஒன்று. படவாகு, கருவிவாகு, திரைவாகு என்று பிரித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். 1280க்கு 800 புள்ளி (பிக்சல்) உள்ள கருவியின் வாகு 16:10. அதில் 16:9 படம் போட்டால் மேலே 40 வரி, கீழே 40 வரி கறுப்பாக நிற்கத்தான் செய்யும். அதைப் பழுதென்று நினைத்து மெனுவைத் தட்டித் தட்டிப் படத்தையே கெடுத்துவிடுகிறோம். சினிமாஸ்கோப் என்ற 2.39:1 அகலத்திரைப் படம் என்றால் நான் சொன்ன 100 அங்குலத் திரையில் மேலும் கீழும் ஆறாறு அங்குலம் கறுப்பு. 16:9 என்பதே 4:3க்கும் சினிமாஸ்கோப்புக்கும் நடுவாகப் பார்த்து எடுத்த அளவு, இரண்டும் அதில் முழுசாக நிரம்பாது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல்தான் வந்தது. அதற்கு முந்திய கறுப்பு வெள்ளைப் படம் சுவர் முழுக்க விரிந்து தெரிந்தால், யாரோ இழுத்திருக்கிறார்கள் அல்லது தலையையும் காலையும் வெட்டியிருக்கிறார்கள்.

‘வாகு’ என்றால் தோள் ஆயிற்றே, வீரவாகு தேவர் இல்லையா என்று அக்கா கேட்டிருந்தார். சரிதான். ஆனால் ‘வாகாகக் கிடக்கு’ என்று சொல்கிற யாரும் தோளை நினைப்பதில்லை.

ஆங்கிலச் சொல்லே போதும் என்ற காரைதீவுத் தம்பிக்கு: உங்கள் ஊரில் பிறந்த விபுலாநந்த அடிகள்தான் 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அந்த ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கை விரிக்கலாமா?

மெனுவில் வரும் மற்றச் சொற்கள் லேசு: ‘உள்ளபடி’, ‘இழுத்து நிரப்பு’, ‘வெட்டி நிரப்பு’. கறுப்புப் பட்டைக்கு வேட்டிக் கரையை நினைத்து ‘கரை’ என்று வைத்திருக்கிறேன். இரு பக்கமும் வந்தால் ‘பக்கக்கரை’. மேலும் கீழும் வருவதற்கு ‘மேல்கீழ்க்கரை’ என்று எழுதிப் பார்த்தேன், நீளமாகத் தெரிகிறது. இதைவிடச் சின்னச் சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
கல்லடியில் இருந்து