'ஜஸ்ட்' எந்த இடத்தில் என்ன பொருள் தரும்?

கேள்வி:
பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். 'ஜஸ்ட்' என்றால் 'மட்டும்' என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள், 'ஹி ஹேஸ் ஜஸ்ட் லெஃப்ட்' என்பதை 'அவர் மட்டும் போனார்' என்று எழுதுகிறார்கள். சரியான பொருளைக் கண்டுபிடிக்க என்ன வழி சொல்லிக்கொடுக்கலாம்?

பதில் 1:
பக்கத்துச் சொற்களைப் பார்க்கச் சொல்லுங்கள் சார், பெரும்பாலும் தெளிந்துவிடும். அடுத்து எண் வந்தால் 'மட்டும்', 'தான்': 'ஜஸ்ட் டூ இட்லிஸ்'. முன்னால் 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்', பின்னால் வினையின் மூன்றாம் வடிவம் என்றால் பெரும்பாலும் 'இப்பத்தான்'. 'லைக்', 'வாட்' தொடர்ந்தால் 'அப்படியே': 'ஷி லுக்ஸ் ஜஸ்ட் லைக் ஹெர் மதர்', அச்சு அசல் அம்மாதான்.

எழுதும்போது கோளாறு வருவது சொல்லை வைக்கும் இடத்தில். நம் 'தான்' சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். 'ஜஸ்ட்' சொல்லுக்கு முன்னால் நிற்கும். அதனால்தான் 'ரெண்டுதான் சாப்பிட்டேன்' என்பது 'ஐ ஏட் டூ ஜஸ்ட்' ஆகிவிடுகிறது. 'ஐ ஏட் ஜஸ்ட் டூ' என்று எழுதினால் குழப்பமே இல்லை. 'ஐ ஜஸ்ட் ஏட் டூ' என்றால் இரண்டுதான் சாப்பிட்டேன் என்றும் கொள்ளலாம், இப்பத்தான் இரண்டு சாப்பிட்டேன் என்றும் கொள்ளலாம். பேச்சில் குரல் அழுத்தம் காட்டிக்கொடுக்கும். தாளில் அந்த வசதி கிடையாது.

பதில் 2:
'இப்பத்தான்' பொருளில் காலத்தையும் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ் வழக்கு 'ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்'. அமெரிக்கர்கள் 'ஐ ஜஸ்ட் ஏட்' என்றும் தாராளமாகச் சொல்வார்கள். நம் பாடத்திட்டத்துக்கு முதலாவதே பாதுகாப்பு. ஆனால் 'ஜஸ்ட் நவ்' வந்தால் 'ஹேவ்' வேண்டாம்: 'ஐ சா ஹிம் ஜஸ்ட் நவ்'. 'ஐ ஹேவ் சீன் ஹிம் ஜஸ்ட் நவ்' என்று எழுதினால் மதிப்பெண் போகும். 'ஐம் பிஸி ஜஸ்ட் நவ்' என்பதில் அதே தொடர் 'இந்த நேரத்தில்' என்றாகிறது. தென்னாப்பிரிக்காவிலோ 'ஜஸ்ட் நவ்' என்றால் 'கொஞ்ச நேரம் கழித்து'!

பதில் 3:
'மயிரிழையில்' என்ற பொருளைப் பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்லவே வேண்டாம். 35 எடுத்தால் 'ஜஸ்ட் பாஸ்' என்று அவர்களே சொல்வார்களே, அங்கிருந்து தொடங்குங்கள். 'ஜஸ்ட் மிஸ்' மட்டும் கவனம். லாரி இடிக்காமல் தப்பினாலும் நாம் அப்படித்தான் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் 'நியர் மிஸ்'. 'ஐ ஜஸ்ட் மிஸ்ட் தி பஸ்' என்றால் பஸ் போய்விட்டது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 'நாட்' சேர்ந்தால் இடம் மாறுமா?

பதில் 1:
இடம் மாறினால் பொருளே மாறும். 'ஐ ஜஸ்ட் டோன்ட் ரீட் நாவல்ஸ்': நாவல் பக்கமே போவதில்லை. 'ஐ டோன்ட் ஜஸ்ட் ரீட் நாவல்ஸ்': நாவல் படிப்பதோடு நிற்பதில்லை, வேறு ஏதோவும் உண்டு. இந்த இரண்டையும் கரும்பலகையில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, இரண்டாவதை 'பட்' போட்டு முடிக்கச் சொல்லுங்கள்: 'பட் ஐ ஆல்சோ ரைட் தெம்'. முதல் வாக்கியத்தோடு அந்தத் தொடர் ஒட்டாது என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.