சருகில் இருக்கும் கந்தகம் காபிச் செடிக்கு ஏன் கிடைப்பதில்லை?

கேள்வி (காபி விவசாயி, ஏற்காடு):
வணக்கம். எங்கள் தோட்டத்தில் சில்வர் ஓக் சருகை விலக்கினால் கறுத்த மட்கு விரலில் ஒட்டுகிறது. ஆனாலும் கொழுந்து இலைகள் வெளிறி மஞ்சளாக வருகின்றன; முதிர்ந்த இலைகள் பச்சையாகவே உள்ளன. மண் பரிசோதனையில் கரிமச் சத்து அதிகம், கிடைக்கும் கந்தகம் குறைவு என்று வந்திருக்கிறது. இத்தனை மட்கு இருந்தும் இந்தக் குறை எப்படி வருகிறது?

பதில் (நுண்ணுயிரியல் ஆசிரியர், சேலம்):
ஐயா, காற்றோட்டமுள்ள மண்ணில் பெரும்பாலும் 95 விழுக்காட்டுக்கும் மேலான கந்தகம் கரிமச் சேர்மங்களாகவே அடைபட்டிருக்கிறது. வேர்களோ அதைச் சல்பேட்டாக, அதாவது ஆக்சிஜனோடு சேர்ந்து நீரில் கரையும் வடிவில்தான் முக்கியமாக உறிஞ்சுகின்றன. இடையில் நின்று அவிழ்த்துவிடுபவை பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும்தான்.

அந்தக் கரிமச் சேர்மங்களில் முக்கியமானவை இரண்டு வகை: சல்பேட் எஸ்டர்கள், சல்போனேட்டுகள். சல்பேட் எஸ்டர்களில் கந்தகம் ஆக்சிஜன் வழியாகக் கரிமத்தோடு இணைந்திருப்பதால், சல்பட்டேஸ் நொதிகள் அதை எளிதில் வெட்டிவிடுகின்றன. ஆய்வகத்தில் நைட்ரோபீனைல் சல்பேட் என்ற சல்பேட் எஸ்டரின் கரைசலை மண்ணோடு கலந்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துக் காரம் சேர்த்தால், நொதி வேலை செய்த அளவுக்கு மஞ்சள் நிறம் ஏறும். சல்போனேட்டுகளில் கந்தகம் கரிமத்தோடு நேராகப் பிணைந்திருக்கும். அதை அறுக்க சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வேறு நொதியை ஆக்குகின்றன. அதுவும் சல்பேட் தட்டுப்பாடு வந்தால்தான். தாராளமாகச் சல்பேட் கிடைக்கும்போது அந்த மரபணுக்கள் அடங்கிக் கிடக்கும்.

இந்த நுண்ணுயிரிகள் எல்லாம் முதலில் தம் உடலில் சிஸ்டீன், மெத்தியோனைன் என்ற கந்தகமுள்ள அமினோ அமிலங்களைக் கட்டத்தான் கந்தகத்தை எடுக்கின்றன. மட்கும் பொருளில் கரிமம், கந்தகத்தைப் போல் 400 மடங்குக்கு மேல் இருந்தால், மண்ணிலிருக்கும் சல்பேட்டையும் அவையே இழுத்துக்கொள்ளும். 200 மடங்குக்குக் கீழே வந்தால்தான் மிச்சம் வெளிவரும். உங்கள் தோட்டத்தில் புதுச் சருகு தொடர்ந்து விழுவதால் இதுவே நடக்கிறது என்று நினைக்கிறேன். மழை நீரும் சல்பேட்டைக் கீழே இறக்கிவிடும்.

பதில் (விவசாயி, வாழப்பாடி):
ஒன்றைப் பார்த்துவிடுங்கள், அண்ணா. இலை நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால், அது இரும்புக் குறையாகவும் இருக்கலாம்.

கேட்டவர்:
நரம்பும் சேர்ந்தே வெளிறியிருக்கிறது, தம்பி. ஆசிரியர் ஐயா, அப்படியானால் ஜிப்சம் இடலாமா?

பதில் (நுண்ணுயிரியல் ஆசிரியர், சேலம்):
இடலாம், ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட்; அதிலுள்ள கந்தகம் சல்பேட்டாகவே கிடைக்கும். சருகை மட்டும் அகற்றிவிடாதீர்கள், நாளைய கந்தகம் அதில்தான் இருக்கிறது. நன்கு மட்கிய தொழுவுரத்தை அதனுடன் சேருங்கள்.