மூத்தவள் தம்பியைக் கிள்ளுகிறாள், என்ன செய்யலாம்?

சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். மூத்தவளுக்கு நாலேகால் வயது, தம்பிக்கு ஐந்து மாதம். பிரசவத்துக்கு வாழப்பாடியில் அம்மா வீட்டுக்குப் போனபோது, எல்கேஜி கெடக்கூடாது என்று அவளை மாமியாரிடம் விட்டுப்போனேன். மூன்று மாதம். அதுதான் தப்போ என்று இப்போது தோன்றுகிறது.

நான் திரும்பி வந்த வாரத்திலிருந்து ராத்திரி படுக்கையை நனைக்கிறாள். எப்போதோ நின்றுபோன பழக்கம். பால் புட்டி கேட்கிறாள். முத்தம் கொடுக்கிற மாதிரி குனிந்து, தம்பி கன்னத்தை நறுக்கென்று கிள்ளிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள்.

சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமித் தொற்று இல்லை. அடுத்த குழந்தை வந்ததும் பெரியது இப்படிச் சின்னப்பிள்ளை மாதிரி ஆவது சகஜம், திட்டாதீர்கள் என்றார் டாக்டர். சரி, திட்டுவதில்லை. தம்பியைக் குளிப்பாட்டும்போது துண்டு எடுத்துத் தரும் வேலை அவளுக்கு. சாயங்காலம் அவளை மட்டும் அண்ணா பூங்காவுக்குக் கூட்டிப்போகிறேன். அங்கே சிரிக்கிறாள், வீட்டு வாசல் ஏறியதும் பழைய கதை. பார்க்க வருகிறவர்கள் வேறு, "இனி உனக்கு மவுசு போச்சுடி" என்று சீண்டுகிறார்கள்.

இப்படிப் பிரிந்திருந்துவிட்டு வந்த அம்மாக்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: பெரிய பிள்ளை கிள்ளுவதை எப்படி நிறுத்தினீர்கள்?