ஆறு மாதம் கடந்த பிறகும் பேச்சுப் பயிற்சியால் பயன் உண்டா?

வினா: தென்றல்

என் தந்தைக்கு மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக் குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்து அரை ஆண்டு கடந்துவிட்டது. வலக்கால் ஓரளவு தேறிவிட்டது, பேச்சுதான் தேறவில்லை. நாங்கள் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரிகிறது, ஆனால் எதைக் கேட்டாலும் "அது, அது வந்து" என்பதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை. "ஒன்று, இரண்டு" என்று தொடங்கிவைத்தால் பத்து வரை தங்குதடையின்றிச் சொல்கிறார், பழைய பாடல்களையும் சொல் பிசகாமல் பாடுகிறார். ஆனால் தண்ணீர் கண்ணெதிரே இருந்தும் அதைக் கேட்டு வாங்க முடியவில்லை. இதைப் பார்க்கும் உறவினர்கள், அவர் முயல்வதே இல்லை என்று அவர் காதுபடவே பேசுகிறார்கள். ஆறு மாதத்திற்குள் வந்ததுதான் வரும் என்றும் சொல்கிறார்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நடக்கும் பயிற்சியைத் தொடரலாமா? அவர் தவறாகச் சொன்னால் திருத்த வேண்டுமா?

மறுமொழி: பேச்சுப் பயிற்சியாளர்

எண்ணுவதும் பாடுவதும் பல்லாண்டுப் பழக்கத்தால் ஒரே சரமாகப் பதிந்தவை. தொடக்கத்தைக் கொடுத்தால் மற்றவை தாமே வரும். ஒரு கருத்தை நினைத்து, அதற்குரிய சொல்லைத் தேடியெடுத்து, ஒலிகளை வரிசைப்படுத்துவது வேறு வேலை. அவருக்குப் பாதிக்கப்பட்டிருப்பது அதுதான். 1861இல் பாரிசில் பால் ப்ரோகா என்ற பிரெஞ்சு மருத்துவர் ஆராய்ந்த நோயாளி, பிறர் பேசுவதைப் புரிந்துகொண்டபோதும், 'டான்' என்ற ஓரசையைத் தவிர ஏறக்குறைய வேறெதுவும் சொல்ல இயலாதவராக இருந்தார். ஆகவே அவர் முயல்வதே இல்லை என்ற பேச்சை உறவினர்கள் முதலில் நிறுத்தட்டும்.

தானாக நிகழும் தேறுதல் முதல் சில மாதங்களில்தான் விரைவாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் பிறகு கதவு மூடிவிடுகிறது என்பது தவறு. 2017இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் பங்கேற்ற 156 பேரும் பக்கவாதம் வந்து ஆறு மாதமாவது கடந்தவர்கள். மூன்று வாரங்கள், வாரத்திற்குப் பத்து மணி நேரத்திற்குக் குறையாமல் பயிற்சி பெற்றபோது, அன்றாடச் சூழல்களில் அவர்கள் பேசித் தொடர்புகொள்ளும் திறன் மேம்பட்டது. இதைக் கொண்டு பார்த்தால், பயிற்சியை நிறுத்தலாமா என்பதைவிட, வாரம் அரை மணி நேரம் போதுமா என்றுதான் நீங்கள் கேட்க வேண்டும். போதாது என்பதே என் கருத்து. கூடுதல் அமர்வுகள் கிடைக்காவிட்டால், வீட்டில் செய்ய வேண்டியதைப் பயிற்சியாளரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஒரு முறையைச் சொல்கிறேன். தண்ணீரைக் காட்டி உடனே பெயரைக் கேட்காமல், அது எதற்குப் பயன்படும், எங்கே இருக்கும் என்று பேசிக்கொண்டே வாருங்கள். பிறகு "தாகமாக இருக்கிறது, குடிக்கக் கொஞ்சம்..." என்று வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துங்கள். அப்போதும் வராவிட்டால் "த" என்று முதலொலியை மட்டும் எடுத்துக் கொடுங்கள். முழுச் சொல்லைச் சொல்வது கடைசிப் படி. பாடலையும் வீணாக்க வேண்டாம்; 1973இல் பாஸ்டனில் உருவான இசைவழிப் பயிற்சி, அன்றாடத் தொடர்களை இராகம் போல் இழுத்துச் சொல்லவைத்து, இடக்கையால் தாளம் தட்டவைத்து, பின்னர் அந்த இராகத்தைப் படிப்படியாகக் குறைக்கிறது. வெறுமனே பாடவிடுவது மகிழ்ச்சி தரும், ஆனால் அதுவே சிகிச்சை ஆகிவிடாது.

மறுமொழி: கயல்

என் கணவருக்கும் இதே நிலைதான். திருத்துவதைப் பயிற்சி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சகோதரி. மற்ற நேரங்களில் அவர் சொல்ல வந்தது புரிந்துவிட்டால் அது போதும். ஒவ்வொரு சொல்லையும் பிடித்துத் திருத்தினால் மனிதர் வாயைத் திறக்கவே அஞ்சுவார். 'ஆம்', 'இல்லை' இரண்டையும் அவர்கள் மாற்றிச் சொல்லிவிடுவதுண்டு என்பதால், நான் இரண்டையும் தாளில் பெரிதாக எழுதிவைத்து விரலால் தொடச் சொல்வேன். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, ஒருவர் மட்டும் எதிரே அமர்ந்து, ஒரு நேரத்தில் ஒன்றைப் பற்றி மட்டும் பேச வேண்டும். வந்தவர்கள் அவரை விட்டுவிட்டு என்னிடம் "சாப்பிட்டாரா?" என்று கேட்டால், "அவரையே கேளுங்கள்" என்று சொல்லிவிடுவேன். சிலருக்கு வருத்தம்தான், இருக்கட்டும்.

வினா: தென்றல்

இருவருக்கும் நன்றி. அம்மா எல்லாச் சொற்களையும் முந்திக்கொண்டு முடித்துவிடுகிறார், அவரிடமும் பேசுகிறேன். கைப்பேசிச் செயலிகளால் பயிற்சி நேரத்தைக் கூட்டலாமா?

மறுமொழி: பேச்சுப் பயிற்சியாளர்

கூட்டலாம், அளவான எதிர்பார்ப்போடு. பிரிட்டனில் 278 பேரைக் கொண்டு நடந்து 2019இல் வெளியான ஆய்வில், கணினி வழியாகத் தாமே பயின்றவர்களுக்குப் பயின்ற சொற்கள் நன்றாகவே திரும்பின; உரையாடல் மட்டும் மேம்படவில்லை. ஆகவே செயலி தரும் பொதுப் பட்டியலை விட்டுவிட்டு, வீட்டாரின் பெயர்கள், அவர் கையாளும் பொருள்கள், விரும்பிப் பேசும் செய்திகள் ஆகியவற்றிலிருந்து நீங்களே சொற்களைத் தேர்ந்தெடுங்கள்; காலையில் பயின்ற சொல் மாலைப் பேச்சில் தேவைப்படும்படி ஒரு வாய்ப்பை உண்டாக்குங்கள். உங்கள் அம்மா சொல்லை முடித்துவைக்காமல் பொறுத்திருக்க வேண்டியது அந்த நேரத்தில்தான். களைப்படைந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வந்துகொண்டிருந்த பேச்சு திடீரென்று குறைந்தாலோ, முகம் கோணினாலோ மட்டும் பயிற்சியாளருக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.